நாலு கொம்பு மிருகமும் நான் நீட்டிவிட்ட கழுத்தும்

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (எல்லாரும் சொல்ற சாக்குதான், நானும் சொல்லிக்கிறேன்.) பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்துல ஒரு மேட்டர் சிக்குச்சு. அதை எழுதாம விட்டா மனசு ஆறாது போல இருக்கு. அதான் வந்துட்டேன்.

ஊருன்னா திருச்சுழி. பேரைச் சொன்னதும் "ரமணர் பொறந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமா, அதே ஊர்தான். 1879ல அவர் பொறந்தார். அதுக்கப்புறம் நாங்களும் அங்கதான் பொறந்திருக்கோம், ஆனா யாரும் கேக்கறதில்லை :-) அருப்புக்கோட்டையில இருந்து பஸ் ஏறினா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவுல கரிசக்காடு, பருத்தி, மிளகாய். குண்டாறுன்னு ஒரு ஆறு உண்டு. அதுல தண்ணி வந்தா ஊர்க்காரங்க செல்போன்ல படம் புடிச்சு அனுப்புவாங்க. அவ்வளவு அபூர்வம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு அம்மா பரணைக் காலி பண்ணச் சொன்னாங்க. பழைய பித்தளைப் பானை, உடைஞ்ச டேபிள் ஃபேன், என்னோட இன்ஜினியரிங் புஸ்தகங்கள் (நாலு வருஷத்துல திறக்காதது, இப்பவும் புதுசு மாதிரி இருக்கு). இதுக்கெல்லாம் பின்னாடி ஒரு சார்ட் பேப்பர் சுருள். ரப்பர் பேண்ட் இத்துப்போய் அப்படியே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. மெதுவாப் பிரிச்சேன்.

ஒரு மிருகம். தலையில நாலு கொம்பு. கீழே எனாமல் பெயிண்ட்ல, கம்பி மாதிரி நேரான எழுத்துல, "சிவதீரியம்". அப்பாவோட எழுத்து.

மிருகத்தோட கழுத்துல மட்டும் தனியா ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. அந்த ஒட்டுப் பேப்பரை ராமபாணப் பூச்சி பாதிக்கு மேல தின்னுருந்துச்சு. மைதா பசைன்னா அதுக்கு விருந்துதானே. பூச்சி தின்ன ஓட்டை வழியா அடியில இருந்த பழைய கழுத்து தெரிஞ்சது. பரண் ஏணியிலயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். அம்மா கீழ இருந்து "என்னடா, தேள் எதுவும் கடிச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

கிட்டத்தட்ட அப்படித்தான்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அப்பா போர்டு எழுதுறவர். கடை போர்டு, ஜின்னிங் ஃபேக்டரி சுவர், டிராக்டர் டிரெய்லர் பின்பக்கம், திருவிழாவுக்குத் துணித் தட்டி, எலக்சன் வந்தா சின்னம். நூல் அடிச்சு கோடு போட்டு, சாக்பீஸ்ல கட்டம் கட்டி, பிரஷ்ஷை ஒரே இழுப்புல இழுத்தார்னா 'ஸ்ரீ'யோட சுழி பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். பத்தாவது ஃபெயில். படம் வரையறதை யாருகிட்டயும் போய்க் கத்துக்கிட்டவர் இல்லை.

பிரஷ் துடைக்கிறதுக்கு அருப்புக்கோட்டையில பழைய பேப்பர் கடையில இருந்து கட்டுக் கட்டா பேப்பர் வாங்கிட்டு வருவார். ஒருதடவை அந்தக் கட்டுக்குள்ள ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் இருந்துச்சு. அட்டை கிடையாது, முதல் பத்துப் பதினஞ்சு பக்கம் கிடையாது. அதனால பேரும் தெரியாது, எழுதினது யாருன்னும் தெரியாது. ஆனா உள்ள படங்கள்! அழிஞ்சு போன மிருகங்களோட பழைய காலத்துப் படங்கள். மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிற ராட்சத ஸ்லாத். தந்தம் ரெண்டும் தாடையில இருந்து கீழ்நோக்கி வளைஞ்ச டைனோதீரியம். கொம்பு ஒரு கட்டில் அகலத்துக்கு விரிஞ்ச மான். கோரைப்பல் புலி. பனியில நிக்கிற மயிர் யானை.

டைனோசர் எல்லாருக்கும் தெரியும், சினிமால வந்துருச்சு. இந்த மிருகங்க அப்படி இல்லை. பாதி தெரிஞ்ச மாதிரி, பாதி தெரியாத மாதிரி இருக்கும். எங்கயோ பார்த்த சொந்தக்காரர் மாதிரி. மழையில்லாத ஊர்ல, மத்தியானம் திண்ணையில உக்காந்து பனியில நிக்கிற யானையைப் பார்க்கிற சுகமே தனி. அப்பாவும் பார்ப்பார். படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு என்னை வாசிக்கச் சொல்லிட்டு, அவர் பார்க்கிறது நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னுதான்.

எல்லாமே அமெரிக்கா, ஐரோப்பா மிருகம். ஒண்ணே ஒண்ணு மட்டும் இந்தியாது. சிவதீரியம். இமயமலை அடிவாரத்துல சிவாலிக் மலையில கிடைச்சது, சிவன் பேரை வச்சிருக்காங்க, ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம்னு போட்டிருந்துச்சு. சிவன் பேரான்னு எனக்கு ஒரே குஷி. நம்ம ஊர்ல திருமேனிநாதர் இருக்காரே! ஆனா அந்த மிருகத்தோட முழுப் படம் இருந்த பக்கத்தை யாரோ கிழிச்சுட்டாங்க. மண்டை ஓட்டோட படம் மட்டும்தான் மிச்சம்.

2010ல நான் எட்டாவது. ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. எல்லாரும் எரிமலை, காற்றாலை, சொட்டுநீர்ப் பாசனம்னு பண்ணினப்போ நான் அழிஞ்சுபோன மிருகங்கள்னு பேர் கொடுத்துட்டேன். மொத்தம் ஆறு சார்ட். அஞ்சை அப்பா புஸ்தகத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு அச்சு அசலா வரைஞ்சார். ஆறாவது சிவதீரியம். படம் இல்லையே, என்ன செய்யறது?

அப்பா அந்த மண்டை ஓட்டுப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணுக்கு மேல சின்னதா ரெண்டு கொம்பு, பின்னாடி பெருசா பலகை மாதிரி ரெண்டு. அப்புறம் எங்க பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போய் மாட்டைப் பார்த்துட்டு வந்தார். நிஜமாவே போனார். வந்து கழுத்தைக் குட்டையா, தடியா, காளை மாட்டுத் திமில் கணக்கா தோள்பட்டையோட சேர்த்து வரைஞ்சார்.

"என்னப்பா, ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம்னு போட்டிருக்கு, கழுத்து இத்துணூண்டு இருக்கு?"

"தலை இம்புட்டுக் கனமா இருந்தா கழுத்து எப்படிடா நீளமா இருக்கும்? தாங்க வேணாமா? பின்னந்தலை எலும்பைப் பாரு, எம்புட்டு அகலம். அம்புட்டுச் சதை புடிச்சு இழுத்தாத்தான் தலை நிமிரும்."

மறுநாள் கண்காட்சிக்கு முன்னாடி சார் பார்த்தார். "ஒட்டகச்சிவிங்கின்னு எழுதிட்டு எருமை மாட்டை வரைஞ்சு வச்சிருக்க?"ன்னார். கூட இருந்த பயலுக எல்லாம் சிரிச்சானுங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்? எங்கப்பா சொன்ன காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. "எங்கப்பாவுக்குத் தெரியாம வரைஞ்சுட்டார் சார், மாத்திக் கொண்டு வந்துர்றேன்"னுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அப்பாகிட்ட போய் அதைவிட மோசமாச் சொன்னேன். "இது போர்டு எழுதுற மாதிரி இல்லைப்பா, இது சயின்ஸு. உங்களுக்குத் தெரியாது."

அவர் ஒண்ணும் சொல்லலை. ராத்திரி மைதா காய்ச்சி, தனிப் பேப்பர்ல நீளக் கழுத்து வரைஞ்சு, பழைய கழுத்து மேல ஒட்டி, தலையைத் தனியா வெட்டி எடுத்து மேல தூக்கி வச்சு, ஒட்டுத் தெரியாம கலர் கொடுத்தார். காலையில நான் எந்திரிக்கும்போது காய்ஞ்சு ரெடியா இருந்துச்சு. மூணாவது பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதுக்கப்புறம் அந்தப் புஸ்தகத்தை அப்பா என்கூட உக்காந்து பார்க்கலை. நானும் அதைக் கவனிக்கலை. பதிமூணு வயசு.

கொசுவத்தி ஓவர். அப்புறம் காலேஜ், கேம்பஸ் இன்டர்வியூ, பொட்டி தட்டுற வேலைன்னு வண்டி ஓடிருச்சு. இந்தப் பொங்கலுக்குச் சார்ட்டைப் பார்த்த ராத்திரிதான் செல்போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். விடிய விடியத் தேடினேன். கிடைச்சதைச் சொல்றேன், கேளுங்க.

சிவதீரியத்தைக் கண்டுபுடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர் :-) டாக்டர் ஹ்யூ ஃபால்கனர் ஸ்காட்லாந்துக்காரர், 1832ல இருந்து சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாளர். இன்ஜினியர் புரோபி காட்லி, யமுனைக் கால்வாய் வேலையில இருந்தவர். பின்னாடி 1854ல திறந்த கங்கைக் கால்வாயைக் கட்டினதும் இவர்தான். அந்தக் கால்வாய் வேலைக்கு ஆள் தயார் பண்ண 1847ல ஆரம்பிச்ச காலேஜ்தான் இன்னைக்கு ரூர்க்கி ஐஐடி.

ரெண்டு பேரும் 1830கள்ல சிவாலிக் மலையில எலும்பு எலும்பா எடுத்தாங்க. அதுக்கும் முன்னாடியே அங்க எலும்பு கிடைச்ச கதை உண்டு. 14ஆம் நூற்றாண்டுல ஃபிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டினப்போ ராட்சத எலும்பு வந்துச்சு, அதுல சிலதை மனுச எலும்புன்னு நினைச்சாங்கன்னு ஃபரிஷ்டாங்கிற பாரசீக வரலாற்றுக்காரர் எழுதி வச்சிருக்கார். எப்பவுமே வாய்க்கா வெட்டுறவன் கையிலதான் எலும்பு மாட்டுது. எங்க பக்கம் கண்மாய் தூர் வாரினா முதுமக்கள் தாழி ஓடு வர்ற மாதிரி.

1836ல சிவதீரியத்தை உலகத்துக்கு அறிவிச்சாங்க. சிவன் பேரோட, மிருகம்ங்கிற அர்த்தத்துல வர்ற கிரேக்க வார்த்தையைச் சேர்த்து வச்ச பேர். 1837ல லண்டன் புவியியல் சங்கம் ரெண்டு பேருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்துச்சு. அந்தச் சங்கத்தோட பெரிய பதக்கம் அது. அப்புறம் 1845ல இருந்து 1849 வரைக்கும் 'ஃபானா ஆன்டிகுவா சிவலென்சிஸ்'னு ஒரு பிரம்மாண்டமான படத் தொகுதி வந்துச்சு. எழுத்துப் பகுதி முழுசா முடியவே இல்லை. படங்கள்தான் நின்னுச்சு. வரைஞ்சவர் ஜி.எச்.ஃபோர்டு, தென்னாப்பிரிக்காவுல பொறந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஓவியரா இருந்தவர். கல்லுல வரைஞ்சு அச்சு எடுக்கிற லித்தோகிராஃப் முறை. எலும்புல இருக்கிற கீறல், துவாரம், பல்லோட தேய்மானம் வரைக்கும் பென்சில் நிழல் மாதிரி அவ்வளவு நுணுக்கம். ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்காங்க, பாருங்க.

அதுல ஒரு விஷயம் கவனிச்சேன். ஃபோர்டு எலும்பை மட்டும்தான் வரைஞ்சிருக்கார். தோலு, சதை, புல்லு, மலை எதுவும் கிடையாது. எலும்புக்கு மேல சதை போட்ட வேலை அப்புறம் வந்த ஓவியர்களோடது. வம்பும் அங்கதான் ஆரம்பிக்குது.

மூக்கு எலும்பு மேல் நோக்கித் தூக்கி இருக்கிறதைப் பார்த்து ஃபால்கனரும் காட்லியும் இதுக்குத் தும்பிக்கை மாதிரி ஒண்ணு இருந்திருக்கும்னு நினைச்சாங்க. அசை போடுற மிருகங்களுக்கும் யானை, காண்டாமிருகம் மாதிரி தடித்தோல் மிருகங்களுக்கும் நடுவுல ஒரு பாலம்னு ஒரு கணக்கு. பாரிஸ்ல ஜெஃப்ராய் செயின்ட் இலேர்ங்கிற அறிஞர் இது பழங்காலத்து ஒட்டகச்சிவிங்கிதான்னு சொன்னார். ஒத்துக்காதவங்க இருந்தாங்க, பெரிய சண்டை. 1871ல ஜேம்ஸ் மியூரின்னு ஒருத்தர் மான் வகைகளோட ஒப்பிட்டு, சைகா மான் மாதிரி உப்பின மூக்கோட ஒரு உருவம் கொடுத்தார். 1892ல லண்டன்ல ஹட்சின்சன் எழுதி, ஜோசப் ஸ்மிட் படம் வரைஞ்ச 'அழிந்துபோன பூதங்கள்'ங்கிற புஸ்தகம் வந்துச்சு. அந்தக் காலத்துல ஹிட். அதுல இந்தியப் பூதங்களுக்குன்னே ஒரு அத்தியாயம், நம்ம சிவதீரியத்துக்கு ஒரு முழுப்பக்கப் படம். குட்டன்பர்க் தளத்துல இலவசமாவே கிடைக்குது.

1901ல காங்கோ காட்டுல ஒகாபிங்கிற மிருகத்தை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டாங்க. உயிரோட இருக்கிற மிருகம். ஒட்டகச்சிவிங்கியோட நெருங்கின சொந்தம், ஆனா கழுத்து அவ்வளவு நீளம் இல்லை. ஆக, ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம்னா கழுத்து நீளமாத்தான் இருக்கணும்ங்கிற சட்டம் 1901லயே உடைஞ்சு போச்சு. எங்க ஸ்கூலுக்கு அந்தச் சேதி 2010 வரைக்கும் வந்து சேரலை. எனக்கும்தான்.

கதை இன்னும் இருக்கு. 2015ல நியூயார்க்ல சொலூனியாஸ் குழு ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தோட கழுத்தெலும்புகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டாங்க. அந்தக் குடும்பத்துல ஒரு கிளைக்குக் கழுத்து நீண்டுகிட்டே போச்சு, இன்னொரு பக்கம் குட்டையாவும் ஆச்சுன்னு சொன்னாங்க. சிவதீரியம் குட்டைக் கழுத்துக் கட்சி.

2016ல லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில கிறிஸ்டோபர் பாசுவும் கூட ரெண்டு பேரும் லண்டன் மியூசியத்துல இருக்கிற சிவதீரியம் எலும்புகளைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல முப்பரிமாண மாடல் ஆக்கினாங்க. நம்ம ஏரியா, அதனால கொஞ்சம் விளக்கிடறேன். ஒரே எலும்பைப் பல கோணத்துல படம் எடுத்தா, ஒரு புள்ளி ஒவ்வொரு படத்துலயும் எங்க வருதுன்னு பார்த்து அது நிஜத்துல எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுரலாம். அப்படி லட்சக்கணக்கான புள்ளி சேர்ந்தா எலும்போட உருவம் வந்துரும். எல்லா எலும்பையும் கோத்து, அதைச் சுத்தி இறுக்கமா ஒரு போர்வையைப் போர்த்தின மாதிரி ஒரு உறை போட்டு, அதோட கன அளவுல இருந்து எடையைக் கணக்குப் பண்றாங்க. விடை சராசரியா 1,246 கிலோ. குறைஞ்சபட்சம் 857, அதிகபட்சம் 1,812. ஒரு காலத்துல யானை அளவுன்னு பேசின மிருகம் கடைசியில ரெண்டு பெரிய காளை மாட்டு எடைக்குக் கொஞ்சம் மேல. உடம்பு கட்டுமஸ்தா, கழுத்து குட்டையா, தடியா.

ராத்திரி மூணு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்தேன். தூக்கம் போயே போச்சு. தோள்பட்டை, கழுத்து, தலை மூணும் சேர்ற இடம்... பூச்சி தின்ன ஓட்டை வழியா நான் பார்த்தது அதேதான்.

இதைப் படிச்சுட்டு "அப்போ உங்கப்பா விஞ்ஞானிகளுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சுட்டார்"னு யாராவது ஆரம்பிச்சுராதீங்க. அப்படிச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனா அது பொய். பழைய ஓவியர்களே யாரும் சிவதீரியத்துக்கு நீளக் கழுத்து வைக்கலை. பின்னந்தலையோட அகலத்தை ஃபால்கனரே பார்த்திருக்கார். தும்பிக்கையில தப்பு பண்ணினாங்க, மூக்குல தப்பு பண்ணினாங்க, எடையில தப்பு பண்ணினாங்க. கழுத்துல பண்ணலை. கிழிஞ்சு போன அந்த ஒரு பக்கம் மட்டும் புஸ்தகத்துல இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். அப்பா செஞ்சது இதுதான்: அவங்க என்ன முறையில யோசிச்சாங்களோ அதே முறையில, கையில இருந்த ஒரே ஒரு மண்டை ஓட்டுப் படத்தையும் பக்கத்து வீட்டு மாட்டையும் வச்சுக்கிட்டு அதே விடைக்கு வந்தார்.

அழிஞ்ச மிருகத்தை வரையற எல்லாரும் செய்யறது இதைத்தான். எலும்பு சொல்ற வரைக்கும் எலும்பு. மிச்சத்துக்கு உயிரோட இருக்கிற மிருகம். அமெரிக்காவுல சார்லஸ் நைட்டுன்னு (1874-1953) ஒருத்தர், இந்தத் துறைக்கே பெரியண்ணன். நியூயார்க், சிகாகோ மியூசியங்கள்ல சுவர் சுவரா வரைஞ்சவர். மிருகக்காட்சி சாலையில போய் உக்காந்து சிங்கம், யானைன்னு வரைஞ்சு வரைஞ்சு பழகினார். சின்ன வயசுல கல்லடி பட்டு ஒரு கண்ணுல பார்வை கெட்டுப்போச்சு. கேன்வாஸ்ல முகத்தை ஒட்ட வச்சுத்தான் வரைவாராம். ஜெர்மனியில ஹைன்ரிச் ஹார்டர்னு ஒருத்தர் ஒரு கோக்கோ கம்பெனியோட பரிசு அட்டைக்கு அழிஞ்ச மிருகங்களை வரைஞ்சார். நாம சூயிங்கம்ல கிரிக்கெட் ஸ்டிக்கர் சேர்த்த மாதிரி அந்த ஊர்ப் பிள்ளைங்க இதைச் சேர்த்திருக்கு. ஆக, இதுவும் கடை விளம்பரம் எழுதின கைதான். போர்டு எழுதுறது வேற, சயின்ஸ் வேறன்னு நான் பிரிச்சுப் பேசினேன் பாருங்க.

சிவாலிக்ல சிவன் மட்டும் இல்லை, குடும்பமே இருக்கு. பிள்ளையார் பேர்ல ஸ்டெகோடான் கணேசான்னு ஒரு பழைய யானை. ரெண்டு தந்தமும் அவ்வளவு நெருக்கம், நடுவுல தும்பிக்கை தொங்க இடமே இல்லை. ஒரு பக்கமா ஒதுக்கித்தான் போட்டிருக்கணும். சிவபிதிகஸ், ராமபிதிகஸ்னு ரெண்டு குரங்கினம். 1910ல ஒரு பேர், 1934ல ஒரு பேர். கடைசியில ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி ராமர் பேரை எடுத்துட்டாங்க. ராமேஸ்வரம் பக்கத்துக்காரனுக்கு ராமரும் சிவனும் ஒண்ணுன்னு அப்பவே தெரியுமே :-)

"அப்போ நம்ம யாளி?"ன்னு ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். யாளி நிஜமாவே வாழ்ந்த மிருகம், ஆதாரம் கோயில் தூண்லயே இருக்குன்னு வாட்ஸ்அப்ல வாராவாரம் வருது. மதுரையில யாளியைப் பார்த்து வாயைப் பொளந்து நின்னவன் நான். அப்படி ஒரு கற்பனை நம்ம சிற்பிக்கு வந்துச்சுங்கிறதே பெருமை. ஆனா யாளிக்கு எலும்பு இல்லை. படம் மட்டும் இருந்தா அது சாட்சி ஆகாது. சிவதீரியத்துக்கே அப்படி ஒரு கதை நடந்திருக்கு. ஈராக்குல கிஷ்ங்கிற பழைய நகரத்துல ஒரு செம்பு வளையத்துல கொம்புள்ள ஒரு மிருகத்தோட பொம்மை கிடைச்சது. 1936ல எட்வின் கோல்பர்ட்ங்கிற பெரிய அறிஞர், இது சிவதீரியமா இருக்குமோ, சுமேரியர்கள் அதை உயிரோட பார்த்திருப்பாங்களோன்னு கேட்டார். அப்புறமா அந்தக் கொம்போட உடைஞ்சு போன துண்டு கிடைச்சு ஒட்டிப் பார்த்தா, மான். கதை அவுட். ஒட்டு வேலையால உண்மை வெளிய வந்த இடமும் உண்டு, எங்க வீட்டு மாதிரி மறைஞ்ச இடமும் உண்டு.

சரி, கடைசிக்கு வர்றேன்.

அப்பாவுக்கு இப்ப அறுபது தாண்டியாச்சு. நான் எட்டாவது படிக்கும்போதே ஃபிளக்ஸ் வந்து போர்டு வேலை படுத்திருச்சு. கொஞ்ச நாள் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். அப்புறம் ஒரு மில்லுல வாட்ச்மேன். எனக்கு வேலை கிடைச்சதும் நிப்பாட்டச் சொல்லிட்டேன். சுகர் இருக்கு, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. கை லேசா நடுங்கும். பிரஷ் எல்லாம் ஒரு டின்ல காய்ஞ்சு கெடக்கு. தூக்கிப் போடவும் விடமாட்டார்.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம் சார்ட்டை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போனேன். பக்கத்துல உக்காந்து செல்போன்ல அந்த 2016 படத்தைக் காட்டினேன். என்ன பேசணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். ஒண்ணும் வரலை. "அப்பா... அன்னைக்கு நீங்க வரைஞ்சதுதான் சரி. சாருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. நான்தான் மாத்தச் சொன்னேன்"னு மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு போனைத் தூரமாப் புடிச்சுப் பார்த்தார். அப்புறம் சார்ட்டைப் பார்த்தார். பூச்சி தின்னு மிச்சமிருந்த ஒட்டுப் பேப்பர் ஓரத்தை நகத்தால கிளப்பினார். காய்ஞ்ச மைதா, சட்டுனு உரிஞ்சு வந்துருச்சு. அடியில கழுத்து அப்படியே இருந்துச்சு. தலையை வெட்டி எடுத்த இடத்துல மட்டும் ஓட்டை.

"எம்புட்டு வெயிட்டுன்னு சொன்ன?"

"ஆயிரத்து இருநூத்திச் சொச்சம் கிலோப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. திட்டினாக்கூட நல்லா இருக்கும்னு தோணுச்சு.

"அப்பக் கால் குளம்பு பத்தாதுடா. நான் மாட்டுக்குளம்பு அளவுக்குத்தான் போட்டிருக்கேன். இம்புட்டு வெயிட்டுக்கு இன்னும் அகலமா இருக்கணும். காலையும் தடியாக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். போனை வாங்கி ரெண்டு விரலால காலைப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தார். நான் ஊருக்குக் கெளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தவர், "அடுத்த தடவை வரும்போது அருப்புக்கோட்டையில எறங்கி ஒரு வெள்ளை சார்ட்டும், ஆறாம் நம்பர் பிரஷ்ஷும் வாங்கிட்டு வா"ன்னார்.

வாங்கி வச்சிருக்கேன். சார்ட் மூணு. பிரஷ் ரெண்டு.

டிஸ்கி: கைநடுக்கத்தோட வரைஞ்சா எப்படி வரும்னு தெரியலை. எப்படி வந்தாலும் இங்க படம் போடுவேன். கழுத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக்கூடாது, சொல்லிட்டேன் :-)